குருவானவர் வராத ஞாயிறு
(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல சபைகளைக் காக்கும் போதகரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் குருப்பட்டம் பெற்றவன் அல்ல. பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் உபதேசியார் வீட்டில் பிறந்து, குருவானவர் எப்போது வருவார் என்று வழி பார்த்த ஊர்களில் வளர்ந்தவன். அந்த ஊர்களிலிருந்து பார்த்தால் குருவானவரின் வாழ்க்கை எப்படித் தெரிகிறது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

சொல்ல வந்த கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பல சபைகளின் குருவானவர் தம் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பதை அவர் வந்து பிரசங்கம் செய்த ஞாயிற்றுக்கிழமையை வைத்து அளக்க முடியாது. அவர் வராத ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஊர்க் கோயிலில் என்ன நடக்கிறது என்று பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

திருச்சபைக்கு வெளியே உள்ள நண்பர்களும் வந்திருக்கிறீர்கள். அதனால் எங்கள் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் தென்னிந்தியத் திருச்சபையின் அமைப்பு சேகரம் சேகரமாக இருக்கிறது. நடுவில் பெரிய ஊர். அங்கே பெரிய கோயிலும் பக்கத்தில் குருமனையும். சுற்றிலும் சின்ன ஊர்கள். ஊருக்கு ஒரு கோயில், ஒரு மணி, முடிந்தால் ஓர் உபதேசியார். சேகரம் முழுவதற்கும் பட்டம் பெற்ற குருவானவர் பெரும்பாலும் ஒருவர்தான். உபதேசியார் ஜெபம் நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம், ஞாயிறு பள்ளி நடத்தலாம். திருவிருந்து கொடுக்க மட்டும் குருவானவர் வந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் முறை வைத்து வருகிறார். ஓர் ஊரில் விடியற்காலை ஆராதனை முடித்து, அடுத்த ஊருக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்து, வெயில் தாழ்ந்ததும் மூன்றாவது ஊருக்குப் புறப்படுகிறார். முறை வராத ஊர்கள் காத்திருக்கின்றன.

இந்தக் காத்திருப்பு நேற்று வந்ததல்ல. பவுல் அப்போஸ்தலனே பல சபைகளின் போதகர்தான். ஓர் ஊரில் சபையை நிறுத்திவிட்டு அடுத்த ஊருக்குப் போனவர். போன இடத்திலிருந்து, சில வேளை சிறையிலிருந்தும், விட்டுவந்த சபைகளுக்குக் கடிதம் எழுதியவர். அடி, பசி, கப்பற்சேதம் என்று தாம் பட்ட பாடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் எல்லாச் சபைகளையும் குறித்த அன்றாடக் கவலையைச் சேர்க்கிறார். ஊர்தோறும் மூப்பர்களை ஏற்படுத்தும்படி உடனூழியர் தீத்துவைக் கிரேத்தாத் தீவில் விட்டுவிட்டு வந்ததும் அவரே. தாம் எல்லா ஊரிலும் இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் கடற்கரைக்கு வருவோம். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு ஊர் ஊராகக் கடலோரம் நடந்தார். பிறகு அடுத்த ஊருக்குப் போகத்தானே வேண்டும்? போகும்போது ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்களுக்குச் சம்பளத்துக்கு அவர் வழி கண்டுபிடித்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தைக் கணக்கப்பிள்ளைமாருக்கு விட்டுக்கொடுக்கும்படி அரசியிடம் கேட்டு வாங்கினார். ஜெபம் சொல்லிக்கொடுப்பவரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை அந்தப் புனிதர் மறக்கவில்லை.

புராட்டஸ்டன்ட் பக்கம் பார்த்தால், முதல் இந்தியக் குருவே பல சபைகளின் குருதான். கடலூரில் பிறந்து, 1718இல் மிஷனெரி சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், 1733 டிசம்பர் 28ஆம் தேதி தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். அவருக்குக் கிடைத்தது ஒரு கோயில் அல்ல. மாயவரத்தைச் சுற்றிய பல ஊர்கள். ஐரோப்பிய மிஷனெரிகள் தாராளமாகப் போய்வர முடியாத தஞ்சை அரசின் ஊர்களுக்கு அவர் போனார். 1745இல் இறக்கும்வரை அதுதான் அவர் வாழ்க்கை.

திருநெல்வேலியில் 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் குளோரிந்தா என்ற அம்மையாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் நாற்பது பேர். அந்த அம்மையார் முன்னின்று கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டை ஆனது. 1790இல் சத்தியநாதன் என்பவர் குருப்பட்டம் பெற்று இந்தச் சீமைக்கு வந்தார். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உருவானது. அதன்பிறகு மிஷனெரிகளின் வரவு ஏறக்குறைய நின்றுபோன ஆண்டுகள் வந்தன. 1816இல் படைக்குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹவ் விசாரித்துப் பார்த்தபோது, ஊர் ஊராகச் சபைகள் உயிரோடு இருந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டுக் குருமாரும், பெயர் தெரியாத உபதேசியார்களும் அந்தச் சபைகளைக் காத்திருந்தார்கள். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சான்றிதழ் எதுவும் இல்லை என்பேன். 1820இல் வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டார். உபதேசியார்களைத் திரட்டி, படிக்கவைத்து, ஊர்களுக்கு அனுப்பினார். பிற்காலத்தில் எழும்பிய பெரிய கோபுரங்கள் எல்லாம் அந்த அடித்தளத்தின் மேல் நிற்பவை.

இன்னொருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாக 1874இல் பிறந்தவர் அசரியா. 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் திருநெல்வேலியில் தொடங்கியதில் முன்னின்றவர். தெலுங்கு நாட்டுக்குப் போய், மொழி படித்து, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லில் பொறுப்பேற்றார். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமங்களுக்குப் போனார். போன இடத்தில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவரைத் தம் கையைத் தம் தலைமேல் வைக்கச் சொல்லி, சுவிசேஷத்தை அறிவிப்பது என்மேல் விழுந்த கடமை என்ற பொருளில் அறிக்கையிடச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளும், வயலில் நின்ற பெண்ணும் அந்த அறிக்கையைச் செய்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற அன்றே ஊழியத்தில் பங்கு. பேராயர் அடுத்த முறை வருவதற்கு எத்தனை மாதம் ஆனாலும் அந்த ஊர் பொறுப்பாளர் இல்லாத ஊராக இருக்காது.

வரலாறு போதும். இப்போது உள்ள நிலைக்கு வருகிறேன்.

ஒரு சேகர குருவானவரின் சனிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். காலையில் ஓர் ஊரில் கலியாணம். மூன்று ஞாயிறு கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்து, யாருக்கும் தடையில்லை என்று உறுதி செய்து, 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பதிவேட்டில் மணமக்களிடமும் சாட்சிகளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குள் வேறோர் ஊரில் துக்கமணி அடித்துவிடுகிறது. இங்கே வாழ்த்திவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் தலையைக் காட்டிவிட்டு, பைக்கில் ஏறி, அங்கே போய்ப் பிரேதத்தின் அருகில் அழுகிறவர்களோடு உட்கார வேண்டும். இரண்டு வீட்டாருக்கும் அவர் முழுதாக வேண்டும். கலியாண வீட்டில் சாவின் சாயல் முகத்தில் தெரியக் கூடாது. சாவு வீட்டில் அவசரம் தெரியக் கூடாது. இதற்கு எந்த இறையியல் கல்லூரியிலும் பாடம் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஜெபித்துத்தான் இது வருகிறது.

குருவானவர் கையில் ஒரு சிறிய மரப்பெட்டி இருக்கும். சின்ன வெள்ளிக் கிண்ணம், ஒரு தட்டு, திராட்சரசக் குப்பி, அப்பம் வைத்த டப்பா, மடித்த வெள்ளைத் துணி. கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்கும் பெட்டி அது. ஒருமுறை குருவானவரோடு நானும் போயிருந்தேன். பனையேறி ஒருவரின் மனைவி, கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் பம்பாயில். நார்க்கட்டிலில் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்து, உபதேசியார் துணி விரித்தார். குருவானவர் ஆராதனை முறைமையை வாசிக்கத் தொடங்கினார். இரண்டு வரி ஆவதற்குள் அந்த அம்மாள் தாமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். பாவ அறிக்கை முழுவதும், விசுவாசப் பிரமாணம் முழுவதும், ஒரு சொல் விடாமல். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். குருவானவர் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த அம்மாளின் வேகத்துக்குத் தம் குரலை இறக்கி, அவர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனார். முடிந்ததும், "யாரும்மா இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். சிறுபிள்ளையாக இருந்தபோது ஊரில் இருந்த ஓர் உபதேசியாரின் மனைவியின் பெயரைச் சொன்னார். அந்த இடைவெளியில் எத்தனையோ குருமார்கள் அந்தச் சேகரத்துக்கு வந்து மாற்றலாகிப் போயிருப்பார்கள். அந்தப் பெண்மணி சொல்லிக்கொடுத்தது அங்கேயே தங்கிவிட்டது.

பல சபைகள் என்றால் பல சாதிகளும்தான். இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டபோது, தஞ்சைப் பக்கத்தில் பலர் சபையைவிட்டே விலகினார்கள். கட்டளை வந்து இரண்டு நூற்றாண்டை நெருங்குகிறது. கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. புதிதாக ஒரு குருவானவர் வந்தால், பிரசங்கத்தைவிட முதலில் ஊர் கவனிப்பது அவர் எந்தத் தெருவில் காபி குடித்தார், எந்த வீட்டில் சாப்பிட்டார் என்பதைத்தான். எல்லா ஊரிலும், எல்லா வீட்டிலும் ஒரேமாதிரி உட்கார்ந்து சாப்பிடுகிற குருவானவர், ஒரு வார்த்தை பேசாமலே பெரிய பிரசங்கம் செய்கிறார். அப்படிச் செய்ததற்காக முகத்திருப்பலையும், மொட்டைக் கடிதத்தையும், மாற்றலையும் ஏற்றுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து தலைவணங்குகிறேன்.

ஊர்களும் மாறிவிட்டன. கருப்பட்டி காய்ச்சிய விளைகள் கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டன. இளைஞர்கள் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். சாதாரண ஞாயிற்றில் கோயிலுக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அசன விருந்துக்கும் மட்டும் ஊர் நிரம்புகிறது. ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் விடும்போது, ஒரு கோழி முட்டையை வெளியூர் மகன் ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கிறார். மறுநாள் பஸ்ஸேறிப் போய்விடுகிறார். அவருடைய தாயாரைப் பார்க்க வேண்டிய பொறுப்பு குருவானவர் தலையில் வந்து நிற்கிறது. சாவு நேர்ந்தால், மகன் விமானத்தில் வந்து இறங்கும்வரை பிரேதம் குளிர்பெட்டியில் காத்திருக்க, குருவானவரும் காத்திருக்கிறார்.

இதோடு நிர்வாகம் சேர்கிறது. பள்ளிக்கூடம், சொத்து, கமிட்டி, தேர்தல், சில இடங்களில் வழக்கு. குருமனை வாசலில் சான்றிதழுக்கு நிற்கிற வரிசை காலையிலேயே தொடங்குகிறது. ஞானஸ்நானச் சான்று ஒன்று, பள்ளிக்கு ஒன்று, வாரிசுக்கு ஒன்று. கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது, வியாதிக்காரரைப் பார்க்கப் போக வேண்டிய நேரம் போய்விடுகிறது. சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றல். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறுகிறார்கள். குருவானவரின் மனைவி ஐயரம்மா ஒரு சேகரத்தின் பெண்கள் ஐக்கிய சங்கத்தை உருவாக்கி நிமிர்த்தும்போது, பெட்டி கட்டச் சொல்லி உத்தரவு வருகிறது. ஓய்வு பெறும் நாளில் சொந்தமாக ஒரு வீடு இல்லாத குருமார்கள் எத்தனையோ பேர்.

இந்தப் பாரத்தைக் குறைக்க ஒரு யோசனை சொல்கிறார்கள். சின்னச் சபைகளை மூடி, எல்லோரையும் வேன் வைத்துப் பெரிய கோயிலுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்பது அது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கணக்கும் சரியாக வருகிறது. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நார்க்கட்டிலில் கிடக்கும் அம்மாள் வேனில் ஏற மாட்டார். அவர் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் மணி அடிக்க வேண்டும். அந்தக் கோயிலைச் சுற்றித்தான் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்து, அந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கையால் பெண்கள் சுவர் எழுப்பிய கோயில் அது. சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார அந்த ஊரில் இருக்கிற ஒரே இடமும் பல இடங்களில் அதுவாகத்தான் இருக்கும். அதைப் பூட்டினால், நமக்கு மிச்சமாவது பெட்ரோல் செலவு மட்டுமே.

பாரத்தைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, உபதேசியாரை மதிப்போம். இன்று பல ஊர்களில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. இருக்கிற இடத்திலும் சம்பளம் ஒரு குடும்பம் பிழைக்கப் போதாது. அரசியின் காலணிப் பணத்தைக் கேட்டு வாங்கிய சவேரியாரின் கரையில் வாழ்கிறோம். கோபுரத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் நாம் திரட்டுகிற நிதியில் ஒரு பங்கு, உபதேசியார் வீட்டு அடுப்புக்குப் போகட்டும்.

இரண்டாவது, நிர்வாகத்தைக் குருவானவர் தோளிலிருந்து இறக்குவோம். கணக்கு பார்க்கவும், பள்ளிக்கூடம் நடத்தவும், சொத்து பேணவும் தெரிந்தவர்கள் சபைக்குள்ளேயே ஓய்வுபெற்ற அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்கள் பதவியாக நினைக்காமல் ஊழியமாக எடுத்துக்கொள்ளட்டும். பட்டம் கொடுத்து, கை வைத்து, ஜெபித்து அனுப்பிய ஒரு மனிதரைக் கையெழுத்து மேசையில் கட்டிப்போடுவது நியாயமில்லை.

மூன்றாவது, பெண்களை அழைப்போம். குருவானவர் வராத ஞாயிறுகளில் கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, பாட்டெடுத்து, பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்துக் காத்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். தென்னிந்தியத் திருச்சபை 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பா லலிதா அம்மையாரைப் பேராயராக அபிஷேகம் செய்துவிட்டது. பேராயராக ஒரு பெண் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்ட திருச்சபையில், கிராமத்துப் பெண்களுக்கு முறையான பயிற்சியும் பொறுப்பும் கொடுக்க நம் சேகரங்கள் இன்னும் தயங்க வேண்டிய காரணம் என்ன?

இங்கே இளம் குருமார்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். எல்லா ஊரிலும் நீங்கள் இருக்க முடியாது என்பது உங்கள் குறை அல்ல. அதை நினைத்துக் குற்ற உணர்வோடு ஓடாதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் உங்களைப் போலவே ஜெபிக்கத் தெரிந்த, வியாதிக்காரர் பக்கத்தில் உட்காரத் தெரிந்த, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரை உருவாக்கிவிட்டு மாற்றலாகிப் போங்கள். சபையார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வருகிற ஞாயிறு உங்கள் ஊருக்குக் குருவானவரின் முறை இல்லை என்றால், அதையே காரணமாக வைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் கட்டாயம் போக வேண்டும். முடிந்தால் மணியையும் நீங்களே அடியுங்கள்.